பிடங்கில் படாத கோப்பி

"இந்தத் துவக்கைக் கழற்றுங்கள்" என்றேன்.

நான் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது அது ஒன்றுதான். காலையில்கூட என்னை விசாரணையாளராக வைத்திருக்கும் சட்டத்தரணி ஹோல்ட்காம்ப் அம்மையார் தொலைபேசியில் மூன்று தடவை சொன்னார். "பாருங்கள், அளவெடுங்கள், படம் பிடியுங்கள். கழற்ற மட்டும் சொல்லாதீர்கள், ஆதிரை. உள்ளேயிருந்து எது வந்தாலும் நேரே நீதிமன்றத்துக்குப் போகும். அது நம் பக்கம் நிற்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரமாக நல்ல பிள்ளையாக நடந்து என்ன கண்டேன்? எங்கள் கட்சிக்காரர் சிறீதரன் இன்னும் விளக்கமறியலில் இருக்கிறார். "நான்தான் சுட்டனான்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். அரச தரப்பு ஆயுள் தண்டனை கேட்கப் போகிறது.

துவக்கு நிபுணர் டொனீஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நீதிமன்றம் நியமித்த ஆள். டோர்ட்மண்ட் நகரின் வடக்கு ஓரத்தில், எண்ணெய் மணக்கும் பட்டறை. மேசையில் விரித்த பச்சைத் துணியில் அந்தத் துவக்கு கிடந்தது. சின்னஞ்சிறியது. சிறுவர் குறிசுடும் பயிற்சிக்காகச் செய்தது. ஒரு தோட்டாவைக் கையால் வைத்து, பூட்டை மூடி, ஒரு தடவை சுடலாம். மறுபடி சுட வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"எழுத்தில் கேட்கிறீர்களா?" என்றார் டொனீஸ்.

"எழுத்தில்."

"கழற்றினால் கண்டதை எல்லாம் எழுதுவேன். உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எழுத மாட்டேன்."

"அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்."

பக்கத்தில் நின்ற றெஜினோல்ட் அண்ணை பெருமூச்சு விட்டார். என் உதவியாளர். நாற்பத்தெட்டு வயது, பதினெட்டு வருடம் டாக்சி ஓட்டியவர், எந்தச் சாவுவீட்டிலும் வாய் மூடாதவர். "பொஸ், வேலை போனால் சொல்லுங்கோ. என்ரை மச்சான்ரை பீட்சாக் கடையில பாத்திரம் கழுவ ஆள் தேடினம். இயந்திரப் பொறியியல் படிச்ச ஆளெண்டால் மெசினில போட்டுக் கழுவுவியள்."

"அண்ணை, வாயை மூடுங்கோ."

"மூடினன். படம் எடுக்கிறன்."

இதுவரை நடந்தது இதுதான். டோர்ட்மண்டிலிருந்து அரை மணித்தியாலம் தள்ளி ஒரு சிற்றூர்க் குறிசுடும் சங்கம். அங்கே சிறுவர் பயிற்சியாளர் பிரிங்மான். அறுபது வயது, ஊரில் ஒருவரும் குறை சொல்லாத மனிதர். ஒக்டோபர் மாதத்து ஒரு வியாழன் மாலை, நிலக்கீழ்ச் சுடுகூடத்தில் நெஞ்சில் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தார். பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தவர் சிறீதரன். பகலில் தச்சுப் பட்டறையிலும் மாலையில் அந்தச் சங்கத்துக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பதிலும் வேலை. "அவர் என்னை அவமதித்தார், சுட்டேன்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுக் கைகளை நீட்டினார்.

அவருடைய மனைவி பாலாம்பிகை அக்கா என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்று. "அவரை வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ."

சிறீதரன் சுடவில்லை என்று எனக்குப் பட்டது ஒரு படத்தைப் பார்த்து. பொலிசார் எடுத்த படம். சுட்ட மேசையில் தோட்டாப் பெட்டி. ஐம்பது குழிகள். நாற்பத்தொன்பதில் தோட்டா. ஐம்பதாவது குழியில் வெற்றுக்கோது, தலைகீழாக.

"ஒரு மனுசனைக் கொண்டுபோட்டு, கோதை எடுத்துப் பெட்டிக்குள்ள திருப்பி வைச்சவராம்" என்று அப்போதே றெஜினோல்ட் அண்ணை சொன்னார். "என்ரை வீட்டில குடிச்ச தேத்தண்ணிக் கோப்பையை ஒருத்தரும் கழுவித் திருப்பி வைக்கிறேல்லை. கொலைகாரன் எங்கட வீட்டு ஆள் இல்லை, எழுதி வையுங்கோ."

சங்கத்தில் விசாரித்தேன். சுட்ட கோதைத் தலைகீழாகக் குழியில் வைப்பது பிரிங்மான் பழக்கிய பழக்கம். பிள்ளைகளுக்கு மட்டும். முதல் நாளிலிருந்தே கைக்குப் பழக்குவாராம். சிறீதரன் ஒரு நாளும் சுட்டவரல்ல. தும்புத்தடி பிடித்த கை அது. அந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வரும்?

"சரி, கழற்றுகிறேன்" என்றார் டொனீஸ். திருப்புளியை எடுத்தார். "அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், நேரம் மிச்சமாகும். இந்தத் துவக்கில் மாற்றக்கூடியது கொஞ்சம்தான். தோளில் வைக்கும் பிடங்கை வெட்டலாம், நீட்டலாம். குறிபார்க்கும் வளையத்தை மாற்றலாம். மரம் என்றால் ஒரு தச்சன் போதும். இரும்பில் கை வைக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். இரண்டாவது வெடி வைக்க அனுமதி கிடைத்தாலும் முடியாது. இரும்பில் அதற்கு இடமே விடவில்லை. ஒரு வெடிக்கென்று பிறந்தது ஒரு வெடியோடுதான் சாகும்."

"அரச தரப்பு சொல்வதும் அதுதானே" என்றேன். "ஒரே வெடிதான் என்று தெரிந்து, குறி தப்பக்கூடாதென்று, சிறுவர் துவக்கைத் தன் கை அளவுக்கு நீட்டி வைத்துக்கொண்டு வந்தான். ஆகவே திட்டமிட்ட கொலை."

"அப்படித்தான் தெரிகிறது."

தெரிவது என்னவோ அப்படித்தான். பிடங்கின் பின்பக்கத்தில் மூன்று மரத்துண்டுகள் பொருத்தியிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு விரல் தடிப்பு. கடைசியில் ரப்பர் தட்டு. யாரோ முதலில் பிடங்கை ஒரு சின்ன ஆளுக்காக வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய துண்டை எறியாமல் மூன்றாக அரிந்து வைத்திருக்கிறார்கள். கை வளர வளரத் திருப்பிப் பூட்டலாம். மரத்தின் இழைகூட ஒன்றோடொன்று பொருந்தி நின்றது. தச்சனுடைய மூளை. வெட்டியதையும் வீணாக்காத வறுமையின் மூளை.

அந்தச் சின்ன ஆள் யாரென்பதில் இரகசியம் இல்லை. சங்கத்தின் சிறுவர் அணியில் சுட்டவள், சிறீதரனின் ஒரே மகள் வைதேகி. பதினைந்து வயது. அன்று மாலை அவள் வீட்டில் இருந்தாள் என்று தாய் சொன்னார். தகப்பனும் சொன்னார். பொலிசும் எழுதிக்கொண்டது.

நான் குனிந்து பார்த்தேன். பிடங்கின் இடப்பக்கத்தில் மண்ணிறக் கறை ஒன்று கோடாக ஓடியது. "இது?"

"கோப்பி" என்றார் டொனீஸ். "பிரிங்மான் கையில் கோப்பை இருந்திருக்கிறது. விழுந்து தெறித்திருக்கிறது. பொலிசும் குறித்திருக்கிறார்கள்."

"எங்கே போகிறது பாருங்கள்."

அவர் பார்த்தார். உருப்பெருக்கியை எடுத்துத் திரும்பவும் பார்த்தார்.

கோப்பிக் கறை பிடங்கில் சாய்வாகத் தொடங்கி முதல் துண்டுக்குத் தாவியிருந்தது. இரண்டாவது துண்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. பளிங்கு மாதிரிச் சுத்தம். பிறகு கடைசி ரப்பர் தட்டில், அதே சாய்வில், மறுபடி கறை.

"கோப்பி பாஞ்சு பாஞ்சு போயிருக்குதே" என்றார் றெஜினோல்ட் அண்ணை. "தவளைக் கோப்பி."

டொனீஸ் நீளத் திருகாணிகள் இரண்டையும் கழற்றினார். மூன்றாவது துண்டு கழன்றது. இரண்டாவது கழன்றது. தட்டை முதல் துண்டோடு ஒட்டிப் பிடித்தார். கறைக் கோடு ஒரு மயிரிழையும் விலகாமல் நேரே சேர்ந்தது.

"கோப்பி சிந்தியபோது இந்த இரண்டு துண்டும் துவக்கில் இல்லை" என்றார் மெதுவாக. "பிறகு பூட்டியிருக்கிறார்கள்."

"அதாவது, சுட்ட பிறகு."

"அதாவது, சுட்ட பிறகு."

"அண்ணை, இதைப் பிடியுங்கோ."

டொனீஸ் தலையசைத்ததும் றெஜினோல்ட் அண்ணை துவக்கை வாங்கினார். பிடங்கை முழங்கை மடிப்பில் வைத்து விசையைத் தொடுவது அளவு பார்க்கும் முறை. அவருடைய விரல் விசையைத் தாண்டி நாலு விரற்கடை போய்விட்டது. தோளில் வைத்தார். கண் குறிவளையத்தில் முட்டியது.

"யானை பல்லுத் துலக்கிற மாதிரி இருக்குது, பொஸ்."

சிறீதரன் றெஜினோல்ட் அண்ணையைவிட ஒரு சாண் உயரம்.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆயுள் தண்டனைக்கு ஆதாரமென்று வைத்த துண்டுகள், அவர் சுடவில்லை என்பதற்கு ஆதாரமாக மாறிவிட்டன. ஆனால் சுட்டவர் சின்னக் கைக்காரர். கோதைத் திருப்பி வைக்கப் பழகியவர். மகள் வீட்டில் இருந்தாள் என்று பெற்றவர்கள் இருவரும் ஒரே சொல்லில் சொன்னார்கள். பெற்றவர்கள் எந்த விஷயத்தில் அப்படி ஒரே சொல் சொல்லியிருக்கிறார்கள்?

"இன்னும் ஒரு துண்டு இருக்கிறது" என்றார் டொனீஸ். முதல் துண்டையும் கழற்றி உள்முகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். "ஓ. எழுத்து. இது உங்கள் மொழியா?"

தச்சன் பென்சிலால் எழுதிய குண்டுக் குண்டான தமிழ் எழுத்து.

வைதேகிக்கு இண்டைக்குப் பதின்மூண்டு வயது. 9.6.2007.

றெஜினோல்ட் அண்ணையும் எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் டொனீஸ்.

"கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும்."

"நீங்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்தானே? உங்கள் கையெழுத்துப் போதும் எனக்கு. நாலு மணிக்கு அறிக்கையைக் கொண்டுபோக ஆள் வருவான். அதற்கு முன் வந்து சொல்லுங்கள், அப்படியே எழுதுகிறேன்."

மணி ஒன்றரை.

*

காரில் ஏறியதும் றெஜினோல்ட் அண்ணை சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

"பதினைஞ்சு எண்டெல்லோ சொன்னவை?"

"பத்திரத்தில பதினைஞ்சு. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு, ஜனவரி முதலாம் திகதி."

"ஆ, முதலாம் திகதி." அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். "எங்கட சனத்தில பாதி வருசப் பிறப்பண்டுதான் பிறந்தது. அண்டைக்கு யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில கட்டில் காணாமல் நிலத்திலயும் பெத்திருப்பினம். நேர்ஸ்மாருக்கெல்லாம் ஓவர்டைம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய பத்திரத்திலும் முதலாம் திகதிதான். ஏஜென்சிக்காரன் கையில் எந்தப் பிள்ளையின் கடவுச்சீட்டு இருந்ததோ அந்தப் பிள்ளையின் வயதோடு விமானம் ஏறினோம். இறங்கிய பிறகு மாற்றிச் சொன்னால் எல்லாமே பொய்யென்று திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்தோம். ஆகவே அந்த வயதிலேயே பள்ளிக்கூடம் போனோம். எட்டு வயதென்று எழுதிய ஆறு வயதுப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து மூத்திரம் போன கதை எனக்குத் தெரியும். ஏனென்றால் உட்கார்ந்தது நான்.

"பொஸ், எனக்கு ஒண்டு விளங்கேல்லை" என்றார். "வயதை எதுக்குத் துவக்குக்குள்ள எழுதவேணும்? ஒரு கேக் வெட்டினால் காணாதோ?"

"எங்கை வெட்டுறது? ஜனவரி முதலாம் திகதிதான் ஊருக்குப் பிறந்தநாள். ஜூன் ஒன்பதாம் திகதி மெழுகுதிரி கொளுத்தினால் பக்கத்து வீட்டுக்காரி கேப்பாள். பள்ளிக்கூடத்தில கேப்பினம். ஒருத்தரும் பாக்காத இடத்தில அந்த மனிசன் எழுதி வைச்சிருக்குது."

"அப்ப அவள் பதின்மூண்டு."

"ஓம்."

"பதினாலு வயசுக்குக் கீழ எண்டால் இந்தச் சங்கத்தில உந்தத் துவக்கைத் தொடவே விடமாட்டினமே. காத்துத் துவக்கு மட்டும்தான்."

"ஓம். பொய் வயது இல்லாட்டி அவளின்ரை கைக்கு அது வந்தே இராது."

அவர் சாவியைத் திருப்பினார். "பாலாம்பிகை வீட்டைதானே?"

"வேற எங்கை?"

*

நாலாம் மாடி. பாலாம்பிகை அக்கா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார். இருக்கச் சொல்லாமல் தேத்தண்ணி போடப் போனார். சின்னக் கூடம். சுவரோரமாகச் சிறீதரன் செய்த அலுமாரி. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கத்தில் வைதேகி. மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, ஒரு சொல் பேசவில்லை. தகப்பன் கொலைகாரனாகிவிட்ட அதிர்ச்சி என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"அக்கா, துவக்கைக் கழற்றினனாங்கள்."

தேத்தண்ணித் தட்டு மேசையில் கொஞ்சம் பலமாக இறங்கியது.

"ஆர் கழட்டச் சொன்னது?"

"நான்."

"உங்களை ஆர் கேட்டது? அவரை வெளியில எடுங்கோ எண்டுதானே சொன்னனான்? துவக்கை நோண்டுங்கோ எண்டு சொன்னனானோ?"

"அவர் சுடேல்லை அக்கா. சுட்ட பிறகு ரெண்டு துண்டைப் பூட்டித் துவக்கைத் தன்ரை அளவுக்கு ஆக்கியிருக்கிறார். மகள் சுட்ட துவக்கை அப்பா சுட்ட துவக்காக்கினவர். அதைத்தான் இப்ப திட்டம் போட்டுச் செய்த கொலை எண்டு சொல்லினம். அந்த ரெண்டு துண்டும் இல்லையெண்டால் கொஞ்ச வருசத்தோட போயிருக்கும். இப்ப ஆயுள்."

அவர் அழவில்லை. அலுமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைச் சாமான் பட்டியல் ஒப்பிப்பது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

பிரிங்மான் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. மாநிலப் போட்டிக்கு வைதேகியை அனுப்ப ஆசைப்பட்டார். பிறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றார். அவள் இரண்டு வியாழன் சாட்டுச் சொன்னாள். மூன்றாவது வியாழன், அவள் முதல் தோட்டாவை வைத்துப் பூட்டும்போது பக்கத்தில் கோப்பியோடு வந்து நின்று, என்ன பயம் என்று தகப்பன் மாதிரிக் கேட்டார். அவள் சொல்லிவிட்டாள். எனக்குப் பதின்மூன்றுதான் என்று.

"அந்தாள் ஏசேல்லையாம்" என்றார் பாலாம்பிகை அக்கா. "துவக்கை வை பிள்ளை, நீ இதைத் தொடக்கூடாது, நான் அறிவிக்கத்தான் வேணும், ஆனால் நானே உங்களோட வெளிநாட்டுக்காரரின்ரை அலுவலகத்துக்கு, அம்டுக்கு வாறன், பயப்பிடாதை எண்டு சொன்னவராம். சொல்லிப்போட்டுத் துவக்கை வாங்கக் கையை நீட்டினவர். இவள் அம்டு எண்ட சொல்லை மட்டும்தான் கேட்டிருக்கிறாள். விடாமல் இழுத்துப் பிடிச்சவள். வெடிச்சிட்டுது."

"கோது?"

"என்ன கோது?"

"வெடிச்ச பிறகு கோதைப் பெட்டியில வைச்சது ஆர்?"

"அவளுக்கு ஞாபகம் இல்லை. தகப்பன் மேல இருந்து ஓடிவரேக்கை மேசைக்கு முன்னால கையைக் கட்டிக்கொண்டு நிண்டவளாம். அவர்தான் பின்பக்கத்தால வீட்டை அனுப்பினவர்."

றெஜினோல்ட் அண்ணை தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அக்கா," என்றேன், "ஏன் அவர் உண்மையைச் சொல்லேல்லை?"

"என்ன கதை கதைக்கிறியள்? பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லுறியளோ?"

"பதின்மூண்டு வயதுப் பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்ப ஏலாது."

"என்ன?"

"இந்த நாட்டில பதினாலு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் தண்டனையே இல்லை. வழக்கே இல்லை. ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. அவர் அண்டைக்கே 'என்ரை மகள், வயது பதின்மூண்டு' எண்டு சொல்லியிருந்தால் அண்டிரவே வீட்டை வந்திருப்பார்."

சட்டப் புத்தகத்தில் ஒரு வரி. நான் நூலகத்தில் படித்தேன். அவர்களுக்கு யார் படித்துச் சொல்வது? வெள்ளைக்கார அயலவனுக்கு அவன் தகப்பன் சாப்பாட்டு மேசையில் சொல்லிக் கொடுத்திருப்பான். எங்கள் வீடுகளில் சட்டத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: வாயைத் திறக்காதே.

பாலாம்பிகை அக்கா கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் கையை விரித்து விரித்துப் பார்த்தார்.

"அவருக்கு உது தெரியாது" என்றார்.

"தெரிஞ்சிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டார்."

"தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பார்."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"பதின்மூண்டு எண்டு சொன்னால் பிறகு என்ன கேப்பினம்? பதினைஞ்சு எண்டு ஆர் எழுதினது எண்டு கேப்பினம். நான் எழுதினனான். கையெழுத்து வைச்சனான். ஏழு வருசத்துக்கு முன்னம் சொன்ன எல்லாத்தையும் திரும்பத் திறப்பினம். எங்கட அகதிக் கேஸ் என்னத்தில நிக்குது? ஒரு பொய் எண்டால் முழுக்கப் பொய். பிறகு எங்கை அனுப்புவினம்? செய்தி பாக்கிறனீங்கள்தானே? அங்கை இப்ப என்ன நடக்குது? பதின்மூண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நான் அங்கை எங்கை போய் இறங்க?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பிழையில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேல் வந்தது. சிறீதரன்மேல் வந்தது. மரத்துக்குள் ஒளித்துப் பிறந்தநாள் எழுத வைத்த எல்லாவற்றின்மேலும் வந்தது.

"அனுப்புவினமோ எண்டு எனக்குத் தெரியாது, அக்கா. அனுப்பமாட்டினம் எண்டு பொய் சொல்லமாட்டன். போராடலாம். வருசக் கணக்கில போகும். ஆனால் அந்த மனிசன் உள்ளுக்குள்ளயே செத்துப்போவார்."

"சாகமாட்டார். பதினைஞ்சு வருசத்தில விடுவினம் எண்டு கேள்விப்பட்டனான். அப்ப இவள் படிச்சு முடிச்சிருப்பாள். ஒரு ஆள் உள்ளுக்கை. ரெண்டு பேர் இஞ்சை. அவர் கணக்குப் பாத்துத்தான் செய்தவர்." அவர் என் கையைப் பிடித்தார். "அந்தத் துண்டில எழுதினதை வாசிச்சது ஆர்?"

"நாங்கள் ரெண்டு பேர்தான்."

"வெள்ளைக்காரனுக்கு?"

"நாலு மணிக்கு முதல் நான் சொல்லவேணும்."

"மரவேலைக் குறிப்பெண்டு சொல்லுங்கோ, பிள்ளை. மரத்தின்ரை பேர், வெட்டின திகதி. உங்கட கையெழுத்துக்கு மேல ஒருத்தரும் கேக்கமாட்டினம். கும்பிட்டுக் கேக்கிறன்."

"அப்ப கோப்பிக் கறை? சின்னக் கைக்காரர்தான் சுட்டது எண்டு இப்ப அவைக்குத் தெரியும். நாளைக்கு இவளிட்டை வருவினம். பத்திரத்தில பதினைஞ்சு. பதினைஞ்சு வயதுக்காரியை இளையோர் நீதிமன்றத்தில ஏத்துவினம். அவரின்ரை பொய்யும் நிக்காது, உங்கட பொய்யும் நிக்காது. துவக்கைக் கழட்டினது நான்தான். என்னை ஏசுங்கோ. ஆனால் இனி அவளுக்கு இருக்கிறது அந்தப் பதின்மூண்டு மட்டும்தான்."

"நீர்தான் கழட்டினனீர்" என்றார் பாலாம்பிகை அக்கா. கையை விட்டுவிட்டார். "நீர் கழட்டாட்டி நாங்கள் ரெண்டு பேராவது மிஞ்சியிருப்பம்."

ஹோல்ட்காம்ப் அம்மையார் சரியாகத்தான் சொன்னார். உள்ளேயிருந்து வந்தது எங்கள் பக்கம் நிற்கவில்லை. எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

"பென்சில் எழுத்து மட்டும் காணாது" என்றேன். "ஊர்ப் பிறப்புச் சான்றிதழ் இருக்கோ? உண்மையானது?"

"இல்லை. எரிச்சிட்டம்."

உள்ளறைக் கதவு திறந்தது.

வைதேகி நின்றாள். தகப்பனுடைய ஸ்வெட்டர் முழங்கால் வரை தொங்கியது. மூன்று வாரமாகப் பேசாத குரல், கரகரத்து வந்தது.

"அக்கா, அது பிறிசருக்குள்ள இருக்கு. மீன் பையளுக்குக் கீழ."

"வைதேகி!"

தாய் எழுவதற்குள் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். இழுப்பறை இழுபடும் சத்தம். திரும்பி வந்தபோது, மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றிக் கட்டிய தட்டையான பொதி ஒன்று அவள் கையில். ஐஸ் உதிர்ந்தது. தாய் பாய்ந்து கன்னத்தில் அறைந்தார். அவள் நகரவில்லை. பொதியை எனக்கு நீட்டியபடியே நின்றாள்.

"அப்பா வருவாரோ?"

"வருவார்."

"பிறகு எங்களை அனுப்புவினமோ?"

"தெரியாது."

"பிரிங்மான் தானும் வாறன் எண்டு சொன்னவர்" என்றாள். "அம்டுக்கு."

நான் பொதியை வாங்கினேன். விரல் விறைத்தது.

"அதைக் கொண்டு வெளியில இறங்கினீரெண்டால்," பாலாம்பிகை அக்காவின் குரல் தாழ்ந்து வந்தது, "எங்களை அனுப்பினது வெள்ளைக்காரன் இல்லை. நீர். உமக்கும் முதலாம் திகதிதானே? ஒரு பைலைத் திறந்தால் ஒண்டோட நிப்பாட்டுவினம் எண்டு நினைக்கிறீரோ?"

நினைக்கவில்லை. என் தகப்பன் கையெழுத்து வைத்த பைல் எந்த அலுவலகத்தில் எந்த அலுமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும்.

"எழும்புங்கோ அண்ணை" என்றேன்.

றெஜினோல்ட் அண்ணை எழும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து, ஆறிப்போன தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கிளச் கொஞ்சம் இறுக்கம். மெதுவா விடுங்கோ. நான் வரேல்லை, பொஸ். என்ரை ரெண்டு பிள்ளையளும் பள்ளிக்கூடத்தில, முதலாம் திகதியோட."

பகிடி ஏதாவது பின்னால் வருமென்று ஒரு கணம் நின்றேன். வரவில்லை.

"சரி அண்ணை."

சாவியை எடுத்தேன். பொதியைக் கைப்பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டினேன். மணி மூன்று ஐந்து. பட்டறைக்கு முப்பத்தைந்து நிமிடம். பாலாம்பிகை அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தள்ள வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். வைதேகி தாயின் இரண்டு தோளையும் பிடித்து, மெல்ல, ஒரு அலுமாரியை நகர்த்துவது மாதிரி, ஒரு பக்கமாக விலக்கினாள்.

லிஃப்ட் மேலே வரும்வரை நான் நிற்கவில்லை. படியால் இறங்கினேன். இரண்டாம் மாடி தாண்டும்போது தாயின் அழுகை தொடங்கியது. வாசற்கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு தெருவுக்கு இறங்கினேன்.